‘எண்ணூறு’ எப்போது வரும்?

1

“எப்போ ரிலீஸ்?”

ஒரு போர்ப்படம் அறிவிக்கப்பட்டதும் ரசிகர்களிடம் முதலில் கிளம்பும் கேள்வி இதுதான். கதை தெரியாது, டிரெய்லர் வந்திருக்காது, கையில் ஒரு தேதி மட்டும் இருக்கும். சில சமயம் அதுவும் இருக்காது. அந்த ஒற்றைத் தகவலை வைத்துக்கொண்டு, பார்க்காத படத்தைப் பற்றி மாதக்கணக்கில் பேசுவார்கள். இலக்கியம் வாசிக்கிற நாம் இதைக் கொஞ்சம் இளக்காரமாகவே பார்க்கிறோம். வேலையத்தவர்களின் அரட்டை என்று நினைத்துக்கொள்கிறோம்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. தேதியை ஊகிப்பதும் ஒரு வகை வாசிப்புதான். ஹாலிவுட்டில் அதற்கென்று ஓர் இலக்கணமே இருக்கிறது. ஜூலை என்றால் பிரம்மாண்டம், டிசம்பர் என்றால் ஆஸ்கர். கிறிஸ்டோபர் நோலனின் ‘டன்கிர்க்’ 2017 ஜூலை 21 அன்று வரும் என்று அறிவித்தபோதே, இது வீரர்களின் உள்ளத்தைப் பேசும் வசனப்படமாக இருக்காது, பெரிய திரையில் உடம்பால் உணரவேண்டிய படமாக இருக்கும் என்று கணித்துவிட முடிந்தது. சாம் மெண்டிஸின் ‘1917’ முதலில் 2019 கிறிஸ்துமஸ் அன்று சில திரையரங்குகளில் மட்டும் வந்தது, 2020 ஜனவரி 10 அன்றுதான் அமெரிக்கா முழுக்கப் பரவியது. விருதுக்கான தகுதியைப் பழைய வருடத்திலும் கூட்டத்தைப் புது வருடத்திலும் வாங்கிக்கொள்ளும் கணக்கு அது. கிளிண்ட் ஈஸ்ட்வுட் இவோ ஜிமா சண்டையை இரண்டு படங்களாக எடுத்தார். அமெரிக்கத் தரப்பைச் சொன்ன படம் 2006 அக்டோபரில் வந்து எதிர்பார்த்த அளவுக்கு ஓடவில்லை. அடுத்த வருடத்துக்கென்று வைத்திருந்த ஜப்பானியத் தரப்புப் படத்தை உடனே டிசம்பர் 20க்கு இழுத்தார்கள். ‘லெட்டர்ஸ் ஃப்ரம் இவோ ஜிமா’ சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இடம்பிடித்தது. தேதி மாறியதை ஆஸ்கர் கணக்காக வாசித்தவர்கள் சரியாகவே வாசித்தார்கள்.

ஆனால் இந்த ஊகங்களிலெல்லாம் பணயம் வைக்கப்படுவது வசூலும் விருதும் மட்டும்தான். ஊகம் தப்பினால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது. அதே “எப்போ ரிலீஸ்?” என்ற கேள்வி வேறோர் ஊரில், வேறொரு படத்துக்காகக் கேட்கப்பட்டபோது கனம் கூடிவிட்டது. குவான் ஹூ இயக்கிய சீனப் படம், ‘பா பாய்’. எண்ணூறு என்று பொருள். உலகம் அதை ‘தி எய்ட் ஹண்ட்ரட்’ என்று அறியும்.

2

படத்தின் தேதியைப் பேசுவதற்கு முன்னால், அது சொல்லும் சண்டையின் தேதியைப் பேசவேண்டும். ஏனென்றால் அந்தச் சண்டையே ஒரு தேதியைப் பார்த்து நடத்தப்பட்டது.

1937. ஷாங்காயில் சீனப் படைகள் மூன்று மாதமாக ஜப்பானியரோடு மோதித் தோற்றுக்கொண்டிருந்தன. அக்டோபர் இறுதியில் முக்கியப் படை பின்வாங்குகிறது. ஒரே ஒரு பட்டாலியனை மட்டும் நகரத்துக்குள் விட்டுவிட்டுப் போகிறார்கள். லெப்டினண்ட் கர்னல் ஷே ஜின்யுவான் தலைமையில் நானூற்றிச் சொச்சம் பேர். அவர்கள் பதுங்கிய இடம் சிஹாங் கிடங்கு. நான்கு வங்கிகள் சேர்ந்து கட்டிய, கனத்த சுவர்கள் கொண்ட கட்டடம். அக்டோபர் 26 முதல் நவம்பர் 1 அதிகாலை வரை தாக்குப்பிடித்தார்கள். எதிரியை ஏமாற்றுவதற்காக எண்ணூறு பேர் இருப்பதாகச் சொன்னார்கள். அந்தப் பொய்யான எண்தான் வரலாற்றில் நின்றது.

ஏன் அந்தக் கிடங்கு? அதற்கு எதிரே சூச்சோ ஓடை. ஓடையின் தென்கரையில் பன்னாட்டுக் குடியிருப்பு. அங்கே பிரிட்டிஷாரும் அமெரிக்கர்களும் உலகப் பத்திரிகைகளின் நிருபர்களும் இருந்தார்கள். சண்டையை அவர்கள் வெறும் கண்ணால் பார்க்க முடியும். குண்டு தவறிக் குடியிருப்பில் விழுந்துவிடக்கூடாதே என்று ஜப்பானியர் பெரிய ஆயுதங்களை எடுக்கத் தயங்கினார்கள். ஆக, பார்வையாளர்களே கேடயமும் ஆனார்கள். சியாங் கை-ஷேக்கின் கணக்கு இன்னொன்று. பிரஸ்ஸல்ஸில் ஒன்பது நாடுகளின் ஒப்பந்த மாநாடு கூடவிருந்தது. சீனா இன்னும் போராடுகிறது என்று அங்கே காட்டவேண்டும். அதற்கு உலகம் பார்க்கிற இடத்தில், உலகம் பேசப்போகிற நேரத்தில், ஒரு சண்டை தேவைப்பட்டது.

இதை இன்றைய பாஷையில் சொன்னால் கொச்சையாக இருக்கும், ஆனாலும் உண்மை: அந்தச் சண்டைக்கே ஒரு ரிலீஸ் பிளான் இருந்தது. அதுவும் சொதப்பியது. வெளிநாட்டினரின் அழுத்தத்தால் வீரர்கள் நவம்பர் 1 அதிகாலைக்குள் பாலத்தைக் கடந்து தென்கரைக்குப் போய்விட்டார்கள். மாநாடு தொடங்கியது நவம்பர் 3. சீனாவுக்கு உருப்படியான உதவி எதுவும் அங்கிருந்து வரவில்லை. கடந்து வந்த வீரர்களை நிராயுதபாணிகளாக்கி முகாமில் அடைத்தார்கள். அங்கே நான்கு வருடம் கிடந்தார்கள். 1938 ஆகஸ்டில் முகாமுக்குள் தங்கள் கொடியை ஏற்றப் போய், காவலர்களோடு மோதல் வெடித்து உயிரிழப்பு நேர்ந்தது. 1941 ஏப்ரலில் ஷே ஜின்யுவானை அவருடைய ஆட்களில் சிலரே குத்திக் கொன்றார்கள்.

கொடி என்ற சொல்லை இங்கே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். சண்டை நடந்த நாட்களில் யாங் ஹுய்மின் என்ற சாரணப் பெண் கிடங்குக்குள் ஒரு கொடியைக் கொண்டுசேர்த்தாள். மறுகரையில் ஜனங்கள் பார்க்க அது கூரையில் ஏறியது. நீலப் பின்னணியில் வெள்ளைச் சூரியன், மீதியெல்லாம் சிவப்பு. அன்றைய சீனக் குடியரசின் கொடி. 1949க்குப் பிறகு அது தைவானில் பறக்கும் கொடி.

3

இந்தக் கதை சீன மக்கள் குடியரசில் முழுக்கத் தடைசெய்யப்பட்டிருந்தது என்று நினைத்துவிடக்கூடாது. ஜப்பானுக்கு எதிரான போரில் குவோமிந்தாங் படைகளுக்கும் பங்குண்டு என்று 2005இல் அதிபர் ஹூ ஜிந்தாவோ பொதுமேடையிலேயே சொன்னார். 2015இல், போர் முடிந்த 70ஆம் ஆண்டில், சிஹாங் கிடங்கு நினைவு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. குவான் ஹூ படத்தை எடுத்தது அந்தத் தளர்வுக் காலத்தில்தான். கிடங்கு, ஓடை, இரு கரைகள் எல்லாவற்றையும் பெரிய அளவில் செட் போட்டு, முழுப்படத்தையும் ஐமேக்ஸ் கேமராக்களில் எடுத்தார். ஹுவாயி பிரதர்ஸ் நிறுவனம் அப்போது கஷ்டத்தில் இருந்தது. இந்தப் படம் தூக்கிவிடும் என்று நம்பினார்கள்.

2019 ஜூன் 15 அன்று ஷாங்காய் திரைவிழாவின் தொடக்கப் படம் இது. ஜூலை 5 அன்று நாடெங்கும் வெளியீடு. விழாவுக்கு முந்தைய நாள் அறிவிப்பு வந்தது: தொழில்நுட்பக் காரணங்களால் திரையிடல் ரத்து. அடுத்த பத்துப் பன்னிரண்டு நாளில் ஜூலை வெளியீடும் ரத்து. புதுத் தேதி பிறகு அறிவிக்கப்படுமாம்.

நான் மென்பொருள் துறையில் வேலை பார்க்கிறவன். எங்கள் தொழிலிலும் ‘ரிலீஸ்’ என்றுதான் சொல்வோம், தேதியும் தள்ளிப்போகும், “டெக்னிக்கல் இஷ்யூ” என்று மெயிலும் போகும். அந்த மெயிலை வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். நிஜமான தொழில்நுட்பக் கோளாறு விவரங்களோடு வரும். எந்த சர்வர், எந்த ஃபைல், யார் பார்க்கிறார்கள், எப்போது சரியாகும் என்று எழுதியிருக்கும். விவரமும் இல்லாமல், புதுத் தேதியும் இல்லாமல், ‘தொழில்நுட்பம்’ என்ற சொல் மட்டும் வந்தால் சிக்கல் மேலிடத்தில் என்று அர்த்தம்.

சீன ரசிகர்களுக்கு இந்த இலக்கணம் முன்பே பழகியிருந்தது. அதே வருடம் பிப்ரவரியில், பண்பாட்டுப் புரட்சிக் காலத்தைத் தொடும் ஜாங் யிமோவின் படம் ஒன்று பெர்லின் விழாவிலிருந்து இதே காரணம் சொல்லி எடுக்கப்பட்டிருந்தது. ‘தொழில்நுட்பக் காரணம்’ என்பது இடக்கரடக்கல் ஆகிவிட்டது. செத்தவரைக் ‘காலமானார்’ என்பதுபோல.

ஆகவே ஊகங்கள் கிளம்பின. ஷாங்காய் விழாவுக்குச் சில நாள் முன்பு சீனச் செம்பண்பாட்டு ஆய்வுக் கழகம் என்ற அமைப்பு ஒரு கூட்டம் நடத்தி, குவோமிந்தாங் கொடியையும் படையையும் இப்படிப் போற்றலாமா என்று கண்டித்த செய்தி வெளியே வந்தது. அக்டோபர் 1 அன்று மக்கள் குடியரசின் 70ஆம் ஆண்டு விழா வேறு. அதற்கு முன்னால் பழைய கொடியைத் திரையில் ஏற்றுவார்களா? விழா முடிந்ததும் விடுவார்களா? விடவே மாட்டார்களா? ஹுவாயியின் பங்குவிலை சரிந்தது. முதலீட்டாளர்களும் அதே கேள்வியைக் கேட்டார்கள், அவர்களுடைய காரணத்துக்காக.

இந்த இடத்தில் ரசிகரின் ஊகத்துக்கு நான் முழு மரியாதை தருவேன். “இந்தப் படத்தை ஏன் நிறுத்தினீர்கள்?” என்று நேராகக் கேட்பது சிரமமான நாட்டில், “எப்போ ரிலீஸ்?” என்று கேட்கலாம். அதை யாரும் குற்றம் என்று சொல்ல முடியாது. ரசிகர்தானே, ஆர்வத்தில் கேட்கிறார். ஆனால் அந்தக் கேள்விக்குள் இன்னொன்று இருந்தது. நம்மவர்கள்தான் செத்தார்கள், ஆனால் நம்முடையதல்லாத கொடிக்குக் கீழே செத்தார்கள். அவர்களை நினைக்க எங்களுக்கு எப்போது அனுமதி? 2019இன் அந்த மாதங்களில் படத்தைப் பார்த்து விமர்சனம் எழுத வழியில்லை. தேதியை ஊகித்தவர்களே விமர்சகர்களின் வேலையைச் செய்தார்கள்.

4

படம் பெட்டிக்குள் இருந்த அந்த இலையுதிர்காலத்தில் குவான் ஹூவின் இன்னொரு படைப்பு தேதி தவறாமல் வந்தது. 70ஆம் ஆண்டு விழாவுக்கென்று ஏழு இயக்குநர்கள் ஏழு குறும்பகுதிகள் எடுத்துச் சேர்த்த ‘மை பீப்பிள், மை கன்ட்ரி’. 2019 செப்டம்பர் 30 வெளியீடு. அதன் முதல் பகுதி குவான் ஹூவினுடையது. பெயர் ‘முந்தைய இரவு’. கதை என்ன தெரியுமா? 1949 அக்டோபர் 1 அன்று தியானன்மென் சதுக்கத்தில் மாவோ பொத்தானை அழுத்தியதும் புதுக் கொடி தானாக ஏறவேண்டும். அந்த மின்கம்பத்தைச் செய்யும் பொறியாளரின் கடைசி இரவு.

நகைச்சுவையாகத் தொடங்கி நெகிழ்ச்சியாக முடியும் பகுதி அது. கம்பத்தின் உச்சியில் பொருத்தவேண்டிய உருண்டைக்கு உலோகம் பற்றாது, ஊர்க்காரர்கள் வீட்டில் இருப்பதையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நிற்பார்கள். உயரம் என்றாலே நடுங்கும் பொறியாளர் கடைசியில் கம்பத்தில் ஏறுவார். பொறியியல் படித்தவன் என்பதால் எனக்கு அது கூடுதலாகவே பிடித்தது. நன்றாக எடுக்கப்பட்ட பிரச்சாரம்.

ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே இயக்குநர். ஒரு கொடியை ஏற்றும் காட்சி எடுத்ததற்காக அவருடைய படம் தேதி இல்லாமல் கிடக்கிறது. இன்னொரு கொடியை ஏற்றும் காட்சி, நாட்டிலேயே பெரிய தேதியில் வெளியாகிறது. குவான் ஹூ இதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பதை ஆராய நான் போகவில்லை. மனிதர்கள் பிழைக்கவேண்டும், படமும் பிழைக்கவேண்டும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தேதி இங்கே விநியோகஸ்தரின் முடிவாக இல்லை. எந்தக் கொடி, எந்த நாளில் என்ற கேள்விக்கு அரசு தரும் பதிலாக இருந்தது. 1976இல் தைவானில் இதே சண்டையைப் படமாக எடுத்தபோது பிரிஜிட் லின் அந்தச் சாரணப் பெண்ணாக நடித்தார். அந்தக் கொடியைக் காட்டுவதில் அங்கே யாருக்கும் எந்தத் தயக்கமும் இல்லை, அது அவர்களுடைய அரசுக் கொடி. அவர்களுடைய பிரச்சாரத்துக்கு அது பொருந்தியது. கிடங்கில் செத்தவர்களைக் கேட்டு யாரும் எதையும் முடிவுசெய்யவில்லை, இரண்டு கரையிலும்.

5

பிறகு கொரோனா வந்தது. சீனத் திரையரங்குகள் 2020 ஜனவரி இறுதியில் மூடி ஜூலை 20 அன்று மெல்லத் திறந்தன. ஜனங்களை உள்ளே இழுக்க ஒரு பெரிய படம் தேவைப்பட்டது. ஒரு வருடம் ஆகாத காரியம் ஒரு மாதத்தில் ஆனது. ஆகஸ்ட் 21 அன்று ‘எண்ணூறு’ வெளியானது. இருக்கைகளில் பாதியைத்தான் நிரப்பலாம் என்ற விதி இருந்தும் 300 கோடி யுவானைத் தாண்டி வசூலித்தது.

படத்தைப் பற்றி. முதல் பாதி எனக்கு உண்மையிலேயே பெரிய அனுபவம். வடகரையில் இருட்டு, இடிபாடு, எலிகள். தென்கரையில் வண்ண விளக்குகள், சூதாட்ட விடுதி, நாடகக் கொட்டகை. நடுவில் சின்ன ஓடை. மக்கள் மாடியில் நின்று, தொலைநோக்கி வைத்து, சண்டையைக் காட்சிபோலப் பார்க்கிறார்கள். எத்தனை நாள் தாங்குவார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். போர்ப்படம் பார்க்கிற நம்மைப் பற்றி இவ்வளவு கூர்மையாகப் பேசிய போர்ப்படங்கள் குறைவு. அந்தத் தென்கரைக் கூட்டத்தில் “எப்போ ரிலீஸ்?” என்று கேட்ட ரசிகரும் நிற்கிறார், வசூலை எண்ணுகிறவரும் நிற்கிறார், கட்டுரை எழுதுகிற நானும் நிற்கிறேன்.

இரண்டாம் பாதியில் படம் அந்தக் கூர்மையை விட்டுவிட்டு வழக்கமான தியாகத்துக்குப் போய்விடுகிறது. வீரர்கள் உடம்பில் வெடியைக் கட்டிக்கொண்டு மேலிருந்து குதிக்கிறார்கள், ஒவ்வொருவராகத் தங்கள் பெயரைக் கூவிக்கொண்டு. பார்க்கும்போது தொண்டை அடைக்கிறது. அடைக்கவைக்கவே எடுத்திருக்கிறார்கள் என்பதும் தெரிகிறது.

அப்புறம் கொடிக்காட்சி. கூரையில் கம்பத்தை நட்டுக் கொடி ஏற்றுகிறார்கள். ஜப்பானிய விமானங்கள் தாழப் பறந்து சுடுகின்றன. கம்பம் சாய்கிறது. ஓடிப்போய்த் தாங்குகிறார்கள், விழுகிறார்கள், அடுத்தவர்கள் வந்து தாங்குகிறார்கள். படத்தின் உச்சம் இதுதான். ஆனால் கேமரா கொடியைக் காட்டத் தயங்குகிறது. முகங்கள் தெரிகின்றன, கைகள் தெரிகின்றன, ரத்தம் தெரிகிறது. கொடி தூரத்தில் தெரிகிறது, அல்லது சட்டகத்துக்கு வெளியே இருக்கிறது. எதற்காகச் சாகிறார்கள் என்பதைக் காட்டாமல் சாவதை மட்டும் காட்டும் காட்சி. இது இயக்குநரின் அழகியல் முடிவா, தணிக்கையின் தழும்பா என்று திரையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வருடக் காத்திருப்பின் கதை தெரிந்தவர்கள் அந்த வெற்றிடத்தைக் கண்டுகொள்வார்கள். விழாவுக்கு அறிவித்த நீளத்தைவிட வெளியான படம் பத்து நிமிடத்துக்கும் மேல் குறைவு என்று அப்போதே செய்திகளும் வந்தன.

6

என் குறை இங்கேதான் தொடங்குகிறது. ஒரு வருடம் தேதியை அவ்வளவு நுட்பமாக வாசித்த ரசிகர் பேச்சு, படம் வந்த நாளில் சட்டென்று முடிந்துபோனது. வந்துடுச்சு, அவ்ளோதான். சீனாவில் மட்டும் இல்லை, அந்தப் படத்தைத் தூரத்திலிருந்து கவனித்துக்கொண்டிருந்த உலக ரசிகர்களிடமும் இதுதான் நடந்தது. அடுத்த பேச்சு முழுக்க வசூல். திரையரங்கத் தொழிலைக் காப்பாற்றிய படம், 2020இன் உலகச் சாதனை, ஹாலிவுட்டையே முந்தியது. “எப்போ?” என்ற கேள்விக்குப் பதில் கிடைத்ததும் “எது வந்தது?” என்ற கேள்வி எழவேயில்லை, எழுந்தாலும் ஓரத்தில் நின்றுவிட்டது.

ஊகத்தின் அடிப்படைக் குறை இது என்று நினைக்கிறேன். ஊகிக்கும்போது நாம் படத்தின் பக்கம் நிற்பதாக நினைத்துக்கொள்கிறோம். மெதுவாக, நமக்கே தெரியாமல், விநியோகஸ்தரின் நாற்காலிக்குப் போய்விடுகிறோம். எந்த வாரம் லாபம், எந்தப் படம் எதிரே வருகிறது, எத்தனை திரை. தேதி கிடைத்துவிட்டால் ஜெயித்துவிட்டதாகத் தோன்றுகிறது. தேதியைக் கையில் வைத்திருப்பவருக்கும் இது வசதிதான். கேள்வி தேதியைப் பற்றியதாகவே இருந்தால், ஒரு தேதியைக் கொடுத்துக் கேள்வியை முடித்துவிடலாம்.

தேதி இப்படி ஆள ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதே இயக்குநரிடமே உதாரணம் கிடைக்கிறது. ‘எண்ணூறு’ வெளியான இரண்டே மாதத்தில், 2020 அக்டோபர் 23 அன்று, குவான் ஹூவும் வேறு இரண்டு இயக்குநர்களும் சேர்ந்து எடுத்த கொரியப் போர்ப்படம் ‘தி சாக்ரிஃபைஸ்’ வந்தது. சீனப்படை கொரியாவுக்குள் நுழைந்த 70ஆம் ஆண்டுக்காக, அவசரமாக எடுக்கப்பட்ட படம். தேதி முதலில் முடிவானது, படம் அதை நோக்கி ஓடியது. அந்தப் படத்துக்கு யாரும் “எப்போ ரிலீஸ்?” என்று கேட்டுத் தவிக்க வேண்டியிருக்கவில்லை. பதில் நாட்காட்டியிலேயே இருந்தது.

அதனால்தான் தேதி தெரியாத படத்தின்மீது எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை அதிகம். ஒரு போர்ப்படத்துக்கு நாட்காட்டியில் இடம் கிடைக்கவில்லை என்றால், அதில் யாருக்கோ உறுத்தும் ஏதோ ஒன்று இருக்கிறது. ரசிகர்கள் அதை மோப்பம் பிடிக்கிறார்கள், அந்த மூக்கை நான் மதிக்கிறேன். படம் வந்த பிறகும் அது வேலை செய்யவேண்டும், அவ்வளவுதான்.

‘எண்ணூறு’ விஷயத்தில் ஊகம் இன்னும் முடிந்துவிடவில்லை என்பதே என் கட்சி. 2019 ஜூன் 15 அன்று ஷாங்காயில் திரையிடத் தயாராக ஒரு படம் இருந்தது. நாம் பார்த்தது அதைவிடச் சின்னதாக்கப்பட்ட ஒன்று. அந்த நிமிடங்கள் எங்கேயோ ஒரு ஹார்ட் டிஸ்கில் இருக்கலாம், கூரையில் பறக்கும் கொடி கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி. அது எப்போ ரிலீஸ்?